மிதமான அட்ரினல் கோளாறு: ஸ்டீராய்டு யாருக்கு, எப்போது?

கேள்வி: எனக்கு 27 வயது. 19 வயதிலிருந்தே மாதவிடாய் ஒழுங்கில்லை. தாடையிலும் மேலுதட்டிலும் முடி, கன்னம் முழுக்கப் பரு. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று சொல்லிப் பல வருடம் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். திருமணமானதும் அதை நிறுத்தினேன். நிறுத்தி மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்தார். 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோன் 6.4, ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து 22, கார்ட்டிசால் 21. பரம்பரையாக வரும் அட்ரினல் கோளாறு (கன்ஜெனிடல் அட்ரினல் ஹைப்பர்பிளேசியா), லேசான வகை என்றார். ஏழு வாரமாக இரவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 0.5 மி.கி. சாப்பிடுகிறேன். 3 கிலோ எடை கூடிவிட்டது, தூக்கமும் சரியில்லை. 200-க்கு மேல் இருந்தால்தான் நோய் என்று படித்தேன், எனக்கு 6.4தானே? ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு எடுக்க வேண்டுமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். பிள்ளைக்கும் வருமா? அக்கா மகளுக்கு 7 வயதுதான், இப்போதே மறைவிடத்தில் முடி வந்திருக்கிறது. தம்பிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிலைப் படித்துவிட்டு இன்றிரவே டெக்ஸாமெத்தசோனை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையா என்பதே சந்தேகம்தான். ஆனால் ஏழு வாரம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. எப்படி நிறுத்துவது என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் 6.4-க்கும் நீங்கள் படித்த 200-க்கும் அளவீட்டு அலகு வேறு. உங்கள் ஆய்வகம் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று எழுதியிருக்கிறது. 200 என்பது ஒரு டெசிலிட்டருக்கான கணக்கு. அந்தக் கணக்கில் உங்களுடையது 640. சில ஆய்வகங்கள் நானோமோல் கணக்கில் தரும். அதில் ஏறக்குறைய 19. எண் மூன்று விதமாக வந்தாலும் ரத்தத்தில் இருப்பது ஒன்றுதான். இந்த ஹார்மோனைப் பொறுத்தவரை அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது அடிக்கடி நடக்கும் குழப்பம். மருத்துவரை மாற்றும்போதும் ஆய்வகத்தை மாற்றும்போதும் அறிக்கையின் அலகுப் பத்தியைத்தான் முதலில் பாருங்கள்.

இனி அந்த எண்கள் சொல்வது என்ன என்று பார்ப்போம். காலை எட்டு மணிக்கு முன், மாதவிடாய் தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் 200 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 200 முதல் 1000 வரை இருந்தால் சந்தேகம். அதைத் தீர்க்கத்தான் உங்களுக்கு அந்த ஊசி போட்டார்கள். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலை வேலை செய்யச் சொல்லி அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் செயற்கை வடிவம் அது, 250 மைக்ரோகிராம். அட்ரினலை ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்போது என்ன தேங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. 60-வது நிமிடத்தில் 1000-ஐத் தாண்டினால் நோய் உறுதி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. 1500 என்று வைப்பவர்களும் உண்டு. உங்களுக்கு 2200. எந்த வரம்பை வைத்தாலும் விடை ஒன்றுதான். உங்கள் மருத்துவர் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருமுட்டை வெளியான பிறகு சினைப்பையே இந்த ஹார்மோனைச் சுரக்கும். ஆகவே மாதத்தின் பின்பாதியில் எடுத்த ரத்தத்தில் நோய் இல்லாதவர்களுக்கும் முதல் எண் கூடுதலாகத் தெரியும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு மூன்றாம் நாள் எது என்று எப்படிக் கணக்கிடுவது? அதே ரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோனையும் சேர்த்துப் பார்த்தால் போதும். அதுவும் நன்றாக உயர்ந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் எடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் ஊசிக்குப் பிறகு வந்த எண் இவ்வளவு பெரிதாக இருப்பதால் இந்தச் சந்தேகம் முடிவை மாற்றாது.

உடலுக்குள் நடப்பது இதுதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினலின் வெளிப்பகுதி, கொலஸ்டிராலிலிருந்து மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கிறது: உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன், உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்ட்டிசால், பிறகு ஆன்ட்ரோஜன் என்கிற ஆண்தன்மை ஹார்மோன்கள். முதல் இரண்டையும் செய்ய 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி வேண்டும். மூன்றாவதற்கு அது வேண்டாம். உங்களுக்கு அந்த நொதி குறைந்த திறனில் வேலை செய்கிறது. மிதமான வகையில் பெரும்பாலும் 20 முதல் 50 சதவீதம் வரை. மதகைப் பாதி மூடிய வாய்க்கால் மாதிரி, அந்தப் பக்கம் போக முடியாதது திறந்திருக்கும் கிளையில் பாய்கிறது. அப்படித் தேங்குவதுதான் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோன், கிளையில் பாய்வதுதான் ஆன்ட்ரோஜன். தாடை முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதனால் வருபவை. சிலருக்குத் தலையின் உச்சியில் முடி மெலிவதும் உண்டு.

கடுமையான வகையில் நொதி ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் உப்பு இழந்து உயிருக்கே ஆபத்து வரலாம். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு பிறக்கும்போதே மாறியிருக்கும். இணையத்தில் இந்த நோயின் பெயரைத் தேடினால் முதலில் வருவதெல்லாம் அந்த வகையைப் பற்றியவை. அதைப் படித்துப் பயந்தவர்களின் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. இரண்டும் ஒரே மரபணுவின் கோளாறுதான். ஆனால் அன்றாட வாழ்க்கையில் இரண்டுக்கும் நிறைய தூரம். கடுமையான வகை 10,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. உங்களுடையது 200 முதல் 1000 பேருக்கு ஒருவர் என்கிற அளவுக்குப் பரவலானது. பலர் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். உப்பு இழப்பு இதில் கிடையாது. உப்பைக் காக்கக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் தேவையில்லை.

இத்தனை வருடம் பிசிஓஎஸ் என்று தவறாக வைத்தியம் பார்த்துவிட்டார்களே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்கேனில் இங்கேயும் சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் தெரியலாம். பிசிஓஎஸ் என்று முடிவு செய்வதற்கு முன் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்து, அது இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. அது விடுபட்டுப்போனது குறைதான். ஆனாலும் அந்த வருடங்கள் வீணாகவில்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்றிருக்கும் பெண்ணுக்கு மிதமான அட்ரினல் கோளாறிலும் முதலில் கொடுப்பது அதே கருத்தடை மாத்திரையைத்தான். அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன், ஆன்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுகிறது. கட்டற்று உலவும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது.

கார்ட்டிசால் 21 என்பது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப்படும் எண். ஊசிக்குப் பிறகு கார்ட்டிசால் 18 மைக்ரோகிராம் வரை ஏறினால் நெருக்கடியைத் தாங்கும் கையிருப்பு சரியாக இருக்கிறது என்று நீண்ட காலமாகக் கொள்கிறோம். இப்போதைய புதிய முறைகளில் 14, 15 கூடப் போதும் என்கிறார்கள். ஆகவே உங்கள் அட்ரினலுக்குக் கார்ட்டிசால் பற்றாக்குறை இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த கார்ட்டிசாலை நம்ப முடியாது, பொய்யாகக் கூடுதலாக வரும். நீங்கள் மூன்று மாதம் முன்பே நிறுத்தியிருந்ததால் இந்த எண்ணை நம்பலாம். கையிருப்பு சரியாக உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அறுவை சிகிச்சை நடந்தாலும் கூடுதல் ஸ்டீராய்டு தேவையில்லை. ஆனால் இது மாத்திரை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலை.

இரவில் சாப்பிடும் டெக்ஸாமெத்தசோன், விடிகாலையில் பிட்யூட்டரி அனுப்பும் ஏசிடிஎச்சை அடக்குகிறது. அதனால் ஆன்ட்ரோஜன் குறைவது உண்மை. கூடவே உங்கள் சொந்தக் கார்ட்டிசாலும் அடங்கிப்போகிறது. அரை மில்லிகிராம் என்பது பார்க்கச் சிறியது. ஆனால் அட்ரினலை அடக்கும் வலிமையில் அது 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) மேல். ஒரு நாளைக்கு உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலோ 10 மி.கி.யை ஒட்டித்தான். உங்களுக்கு ஏறிய 3 கிலோவும் கெட்ட தூக்கமும் அந்த வித்தியாசத்திலிருந்து வருபவை. இப்படியே வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் என்று பட்டியல் நீளும். தொந்தரவு இல்லாதவர்களுக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்றே 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களில், நோயாளிக்கே தாங்க முடியாத அளவுக்கு முடி, பரு இருந்து மற்ற வைத்தியம் பலிக்காவிட்டாலோ, குழந்தைப்பேறு தடைப்பட்டாலோதான் ஸ்டீராய்டைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. இன்னொரு பொறியும் உண்டு: 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோனைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது. அந்த எண் சாதாரணமாகிவிட்டால் மருந்து அதிகமாகிவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். டெஸ்டோஸ்டிரோன், ஆன்ட்ரோஸ்டெனிடையோன் என்ற இரண்டு ஆன்ட்ரோஜன்களையும் வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே ஆயுள் முழுக்க ஸ்டீராய்டா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. கோளாறு ஆயுள் முழுக்க இருக்கும், சிகிச்சை அப்படி இருக்க வேண்டியதில்லை.

குழந்தை பெற நினைக்கும் உங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனையும், பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டையும் நஞ்சுக்கொடி பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும். டெக்ஸாமெத்தசோன் அந்தக் காவலைத் தாண்டி அப்படியே கருவைச் சேரும். கர்ப்பம் உறுதியாகத் தெரிவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடுமே. அதனால் கருத்தடையை விடும் நாளுக்கு முன்பே இந்த மாத்திரையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

வெளியே வரும் வழி மருத்துவர் கையில் இருக்க வேண்டும், ஆனால் அது எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக டெக்ஸாமெத்தசோனுக்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றுவார்கள். நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி., பெரும்பகுதி காலையில் எழுந்ததும், மீதி மதியம். பிறகு சில வாரங்களில் படிப்படியாக இறக்கி, காலை வேளை மட்டும் என்றாக்கி, ஒரு நாள் மாத்திரையை 24 மணி நேரம் விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் பார்ப்பார்கள். 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அட்ரினல் விழித்துக்கொண்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூங்குகிறது. மாத்திரையைத் தொடர்ந்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் என்றால் தொடர்ந்தபடியே சில வாரங்களில் மறுபரிசோதனை. இறக்கும்போது உடல்வலி, அசதி, மனச்சோர்வு வருவது சகஜம். அதைக் கண்டு பழைய அளவுக்கே திரும்ப வேண்டியதில்லை, ஒரு படி மெதுவாக இறங்கினால் போதும்.

இந்த இடைக்காலத்தில் மட்டும் காய்ச்சல் விதி உங்களுக்கும் பொருந்தும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்க வேண்டும், 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல், விடாத வாந்தி, குழப்பம் மூன்றும் அபாய அறிகுறிகள். ‘ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும் அங்கேயும் காட்டுங்கள். கார்ட்டிசால் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று சோதனை சொல்லும்வரை இதெல்லாம் வேண்டும், அதன் பிறகு வேண்டாம்.

முகத்து முடிக்கு என்ன செய்வது? ஒருமுறை தடித்துக் கறுத்த முடி, ஹார்மோன் குறைந்ததும் தானாக உதிர்ந்துவிடாது. புதிதாக முளைப்பதைத்தான் மருந்து குறைக்கும். பலன் தெரியக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். பரு அதைவிடச் சீக்கிரம், மூன்று மாதத்தில் அடங்கத் தொடங்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை, நாளுக்கு 50 முதல் 200 மி.கி. வரை, முடிக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் கருவில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் நம்பகமான கருத்தடை இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்கிறீர்கள். பலன் தெரியத் தொடங்கும் நேரத்தில் நிறுத்த வேண்டிவரும். அதனால் உங்கள் இடத்தில் உள்ளவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லேசர்தான் உங்களுக்குப் பொருத்தம். மாநிறம், கருநிறத் தோல் என்றால் 1064 நானோமீட்டர் அலைநீளக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். குறைந்த அலைநீளம் தோலின் நிறமியையும் சுட்டுவிடும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வு ஆகும். ஆன்ட்ரோஜன் கூடுதலாகவே இருக்கும் என்பதால் நடுநடுவே மறுபடி செய்ய வேண்டிவரலாம், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவி, குரலும் கனத்தால் அது வேறு கதை. அட்ரினலிலோ சினைப்பையிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இனி குழந்தை. இந்தக் கோளாறுள்ள பெண்களில் பெரும்பாலோர் கருத்தரிக்கிறார்கள், பலர் எந்த வைத்தியமும் இல்லாமலே. சிலருக்குத் தாமதமாவது ஏன் என்றால், அட்ரினல் சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் மாதத்தின் முற்பாதியிலும் குறையாமல் இருக்கிறது. அது கர்ப்பப்பையின் உள்சவ்வை மெலிய வைத்து, கர்ப்பப்பை வாயின் திரவத்தைக் கெட்டியாக்குகிறது. சில கருத்தடை மாத்திரைகள் வேலை செய்வதும் இப்படித்தான். ஆகவே ஸ்டீராய்டு இல்லாமல் ஆறு மாதம் முயன்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பலிக்கவில்லை என்றால், அல்லது முன்பு கருச்சிதைவு ஆகியிருந்தால், அப்போது ஹைட்ரோகார்ட்டிசோனோ பிரெட்னிசோலோனோ குறைந்த அளவில் தொடங்கலாம். மாதத்தின் முற்பாதியில் புரொஜெஸ்ட்ரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்து அளவை அமைப்பார்கள். இதோடு கருமுட்டையைத் தூண்ட லெட்ரோசோலோ குளோமிஃபினோ சேர்ப்பதும் உண்டு. ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் கருச்சிதைவு குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை பழைய மருத்துவக் குறிப்புகளைப் பின்னோக்கிப் பார்த்தவை. அதை நம்பி எல்லோருக்கும் கொடுக்க முடியாது.

கர்ப்பமான பிறகு 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோனையோ டெஸ்டோஸ்டிரோனையோ சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். கர்ப்பத்தில் இரண்டும் எல்லாப் பெண்களுக்கும் ஏறும், எண்ணைப் பார்த்துப் பயம்தான் மிஞ்சும். உங்கள் ஆன்ட்ரோஜன் வயிற்றில் இருக்கும் பெண் குழந்தையைப் பாதிக்குமோ என்ற கவலையும் வேண்டாம். நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது.

குழந்தைக்கு வருமா என்பதற்கு விடை உங்களிடம் பாதி, உங்கள் கணவரிடம் பாதி. இந்த நொதியின் மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய். உங்கள் இரண்டும் பழுது, ஆனால் எந்த அளவு என்பதுதான் கேள்வி. மிதமான வகை உள்ளவர்களில் பலருக்கு ஒரு பிரதி லேசான பழுதும் மற்றது கடுமையான பழுதும் கொண்டதாக இருக்கும். லேசான பிரதி ஈடு கொடுப்பதால் அவர்களுக்கு நோய் மிதமாகத் தெரிகிறது. அந்தக் கடுமையான பிரதியை நீங்கள் கொடுத்து, உங்கள் கணவரும் நோயில்லாமலே ஒரு கடுமையான பிரதியைச் சுமப்பவராக இருந்து அதையே கொடுத்தால், குழந்தைக்குக் கடுமையான வகை வரும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொதுமக்களில் சுமார் 60 பேரில் ஒருவர் கடுமையான பிரதியைச் சுமக்கிறார். கணக்குப்படி பார்த்தால், உங்களிடம் ஒரு கடுமையான பிரதி இருந்து, கணவரைச் சோதிக்காத நிலையில் 240-ல் ஒன்று வரும். ஆனால் மிதமான வகை உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலாக, 1.5 முதல் 2.5 சதவீதம் வரை வந்திருக்கிறது. நீங்களும் கணவரும் ரத்த உறவு என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். இரண்டு பிரதியும் லேசான பழுது என்று தெரிந்தாலோ, கணவர் எதையும் சுமக்கவில்லை என்று தெரிந்தாலோ, கடுமையான வகை பற்றிய கவலை தீர்ந்தது.

மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய 98 சதவீதம் அதே போன்ற எழுத்து வரிசையோடு வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. அதன் துண்டுகள் உண்மையான மரபணுவுக்குள் வந்து உட்கார்வதால்தான் பெரும்பாலான பழுதுகள் உண்டாகின்றன. எல்லா மரபணுக்களையும் ஒரே வீச்சில் படிக்கும் பொதுவான சோதனைகள் இந்த இடத்தில் எதை எங்கே படித்தோம் என்று குழம்பிவிடும். 21-ஹைட்ராக்ஸிலேஸுக்கென்றே செய்யும் சோதனை வேண்டும். எழுத்து வரிசையோடு, பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்று எண்ணும் முறையும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பழுதுகள் கிடைத்தால் இரண்டும் ஒரே குரோமோசோமில் உள்ளனவா, எதிரெதிரே உள்ளனவா என்றும் தெரிய வேண்டும். அம்மா அல்லது அப்பாவின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தால் அது விளங்கும். கணவருக்கும் மரபணுச் சோதனையே செய்யுங்கள். நோயில்லாமல் சுமப்பவரின் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோன் சாதாரணமாகவே இருக்கலாம் என்பதால் ஹார்மோன் சோதனை மட்டும் போதாது. முடிவு வரப் பல வாரம் ஆகலாம். கருத்தரித்த பிறகு அவசரமாக ஓடுவதைவிட இப்போதே கொடுத்துவிடுங்கள்.

தம்பிக்கு இப்போது எதுவும் வேண்டாம். பெரியவரான ஆண்களில் இந்த மிதமான வகை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாது, சிகிச்சையும் கிடையாது. அவர் குழந்தை பெற நினைக்கும்போது உங்கள் மரபணு முடிவின் நகலைக் கொடுத்தால், எந்தப் பழுதைத் தேட வேண்டும் என்பது அவர் மருத்துவருக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கு உங்களைப் போலவே நோய் இருக்க நான்கில் ஒன்றும், ஒரு பிரதியை மட்டும் சுமக்க நான்கில் இரண்டும் வாய்ப்பு. அவருக்கும் முடியோ ஒழுங்கற்ற மாதவிடாயோ இருந்தால் சோதிக்கலாம்.

நீங்கள் சொன்ன எல்லோரிலும் காத்திருக்கக் கூடாத ஒருவர் அக்கா மகள்தான். எட்டு வயதுக்கு முன் பெண் குழந்தைக்கு மறைவிடத்தில் முடி வருவதற்கு, அட்ரினல் கொஞ்சம் முன்னதாக விழிப்பதுதான் அதிகம் காணும் காரணம். அது பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் குடும்பத்தில் உங்களைப் போல ஒருவர் இருக்கும்போது அப்படி நினைத்து விட்டுவிட முடியாது. கூடுதல் ஆன்ட்ரோஜன் எலும்பை வேகமாக முதிர வைக்கும். இப்போது வகுப்பிலேயே உயரமாகத் தெரியும் பிள்ளை, எலும்பின் வளர்ச்சி முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு கடைசியில் குள்ளமாக நின்றுவிடலாம்.

குழந்தை மருத்துவரிடம் போகும்போது அவளுடைய பழைய உயரக் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பள்ளியில் அளந்தது, தடுப்பூசி அட்டையில் உள்ளது, எதுவானாலும் சரி. ஒரு வருடத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்பது முக்கியமான துப்புக் கொடுக்கும். காலை எட்டு மணிக்கு முன் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்ட்ரோன், இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்பு வயது, இவை இரண்டும் முதல் நாளே தேவை. மார்பு வளர்ச்சி இருக்கிறதா, வியர்வை நாற்றம், பரு உண்டா என்றும் பார்ப்பார்கள். பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுத்துச் சோதித்தது சரியாக இருந்தது என்று அக்கா சொன்னால் அதை வைத்து நிறுத்திவிட வேண்டாம். அந்தச் சோதனை கடுமையான வகையைப் பிடிக்க ஏற்பட்டது, மிதமான வகை அதில் நழுவிவிடும்.

நோய் இருந்தும் எலும்பு வயது அதிகம் முந்தவில்லை, வளர்ச்சி வேகமும் சாதாரணம் என்றால் மருந்து வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும், தேவைப்படும்போது எக்ஸ்ரேயும் போதும். எலும்பு வேகமாக முதிர்கிறது, முடி வேகமாகப் பரவுகிறது என்றால் அவளுக்கு ஸ்டீராய்டு உண்மையிலேயே தேவை. வளரும் பிள்ளைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும்தான். டெக்ஸாமெத்தசோனும் பிரெட்னிசோலோனும் வளர்ச்சியையே அடக்கிவிடும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து. ஏழு வயதில் 120 சென்டிமீட்டர் உயரம், 23 கிலோ எடை என்றால் பரப்பு 0.9 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே வரும். நாளுக்கு 9 மி.கி.யில் தொடங்கினால் போதும். 10 மி.கி. மாத்திரையை நான்காக வெட்டினால் ஒரு துண்டு 2.5 மி.கி., ஆனால் கத்தியால் வெட்டும்போது துண்டுகள் சமமாக வராது. மாத்திரை வெட்டும் கருவியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து தொடங்கினால் காய்ச்சல் விதி அவளுக்கும் உண்டு. அவள் வயதுக்கு வாந்தியின்போது போடும் ஊசி 50 மி.கி. அது பள்ளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயரம் ஏறக்குறைய முடிந்ததும் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம்.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிரினெசெர்ஃபான்ட் என்ற புதிய மருந்தைப் பற்றி யாராவது சொன்னால், அது கடுமையான வகைக்கு, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பது. உங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் பொருந்தாது. அக்காவிடம் உங்கள் ஊசிப் பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், அலகுப் பத்தி தெரியும்படி.